ரேவதி இடுப்புல கட்டின பொட்டி

வலிப்பு வர்ற புள்ளைங்களைப் பெத்தவங்க ஆஸ்பத்திரி வராண்டாவுல பேசிக்கிறதைக் கேட்டிருக்கீங்களா? ஒருத்தர் வாயிலயும் வலிப்புங்கிற வார்த்தை வராது. "அது வருது", "அந்த மாதிரி ஆயிடுது", "கொஞ்சம் மயக்கம்". ஏதோ புள்ள திருடிட்டு மாட்டிக்கின மாதிரி குரலைத் தாழ்த்திக்குவாங்க. எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. என் பொண்ணு ரேவதிக்கு வலிப்பு. அவ பேரைப் போட்டுத்தான் எழுதுறேன். அவகிட்ட கேட்டுட்டேன். "எழுதுமா, எனக்கு இன்னா வெக்கம்"னுட்டா.

இப்ப அவ எட்டாவது படிக்கிறா. மாத்திரை சாப்பிடுறா. வலிப்பு வந்து ரொம்ப நாளாச்சு. நல்லா ஆனப்புறம் எதுக்கு பழசைக் கிளர்றேன்னு எங்க ஊட்டுக்காரர் கேக்குறாரு. போன வாரம் எங்க கம்பெனியில என் பக்கத்துல உக்காந்து சட்டையில நூல் பிசிறு வெட்டுற பொண்ணு, தன் பையனுக்கு 'அந்த மாதிரி' வருதுன்னு என் காதுல சொல்லி அழுதா. பையன் பாசாங்கு பண்றான்னு டாக்டரே சொல்லிட்டாராம். எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! கையில இருந்த கத்திரியைத் தூக்கி மேஜை மேல போட்டேன். அன்னிக்கு எழுத ஆரம்பிச்சதுதான் இது.

நாங்க இருக்கிறது அண்ணனூர். ஊட்டுக்காரர் முருகேசன், பூந்தமல்லியில ஒரு லேத்துப் பட்டறையில வேலை. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல சட்டை தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற கம்பெனியில வேலை. எங்க மாமனார் காலம் வரைக்கும் அடுத்தவன் நெலத்துல நாத்து நட்ட குடும்பம். ரேவதி மட்டும் இங்கிலீஷ் மீடியம் படிக்கணும்னு ஆவடி பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல சேர்த்தோம். பெருமைக்குத்தான். ஆமா, பெருமைக்குத்தான், அதுல இன்னா தப்பு?

நாலாவது படிக்கிறப்போதான் ஆரம்பிச்சுது. சாப்பிட்டுக்கினே இருப்பா, திடீர்னு கை அந்தரத்துல நிக்கும். கண்ணு தொறந்தே இருக்கும், ஆனா நம்மளைப் பாக்காது. வாய் மட்டும் எதையோ மெல்லுற மாதிரி அசையும். கை சட்டைப் பொத்தானைப் போட்டுத் திருகும். கூப்பிட்டா திரும்ப மாட்டா. கொஞ்ச நேரத்துல அதுவா சரியாகி, "இன்னாமா?"ன்னு கேப்பா. நாங்க கனவு காண்றான்னு நெனச்சோம். பள்ளிக்கூடத்துல திமிருன்னு நெனச்சாங்க. கிளாஸ் டீச்சர் கேள்வி கேக்க, இவ பதில் சொல்லாம முழிச்சுக்கினு நிக்க, விரல் முட்டியில ஸ்கேல் விழும். வீங்கின விரலோட வருவா. "இன்னாடி கேட்டாங்க?"ன்னா, "தெரியாதும்மா, டீச்சர் எதுவும் கேக்கவே இல்ல, வந்து அடிச்சாங்க"ம்பா. பொய் சொல்றான்னு அதுக்கும் ஒரு நாள் அடி.

அப்புறம் ஒரு நாள் காலையில பிரேயர்ல நிக்கிறப்போ பெரிசா வந்துடுச்சு. கீழ விழுந்து, கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்து, வாயில நுரை. யாரோ சாவிக்கொத்தைக் கையில திணிச்சாங்களாம். நான் போய் சேர்றப்போ ஆபீஸ் ரூம் பெஞ்சுல துவண்டு கெடந்தா, சாவிக்கொத்து கையிலயே இருந்துச்சு. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பாத்து சொன்ன மொத வார்த்தை, "மத்த குழந்தைங்கல்லாம் பயந்துடுச்சு." என் குழந்தை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. அப்புறம், "நல்லா விசாரிச்சுட்டோம்மா. மிஸ் அடிக்க வந்தா இந்த மாதிரி பண்றாளாம். கவனத்தை இழுக்கிறதுக்கு. எதுக்கும் பெரிய டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிட்டு வாங்க, அதுவரைக்கும் வரவேண்டாம்"ன்னாங்க.

ஆஸ்பத்திரி பேரைச் சொல்ல மாட்டேன். எல்லா ஆஸ்பத்திரியிலயும் நல்லவங்களும் இருக்காங்க, மத்தவங்களும் இருக்காங்க. பட்டணத்துல இருந்துச்சு, ரயில் ஏறி, பஸ் மாறிப் போகணும். பெஞ்சு கெடைக்காது, வராண்டா தரையில உக்காரணும். பக்கத்துல திருவள்ளூர்ல இருந்து வந்த ஒரு அம்மா, தூக்குல கொண்டாந்த இட்லியில பாதியை ரேவதிக்கு ஊட்டி விட்டாங்க. அவங்க பையனுக்குத்தான் பசி அதிகமா இருந்துருக்கும்.

மொத டெஸ்ட் ஈ.ஈ.ஜி. மூளையில எப்பவும் துளித்துளியா கரண்ட் ஓடிக்கினே இருக்குமாம். தலையில அங்கங்க ஒயர் ஒட்டி, அந்தக் கரண்டைக் காகிதத்துல கோடா வரைவாங்க. வலிக்காது. இதை யாரும் எனக்கு முன்னாடி சொல்லல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோமே, புள்ள பரட்டைத் தலையோடவா போகும்னு தேங்காயெண்ணெய் வழிய வழிய தடவி, ரெட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, கனகாம்பரம் வெச்சுக் கூட்டிக்கினு போனேன். ஒயர் ஒட்டுறவர் தலையில கை வெச்சாரு, பாக்கணுமே அந்த மூஞ்சியை!

"இன்னாம்மா இது, தலையா, எண்ணெய்ச் செக்கா? எப்படி ஒட்டும்? போய்க் கழுவிட்டு வா!"

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் சார் எண்ணெய் வெக்கிறேன்?"

"இது கூடத் தெரியாதா?"

தெரியாது. எப்படித் தெரியும்? எங்க பக்கம் பொம்பளைப் புள்ளையை எண்ணெய் வெக்காம வெளிய அனுப்பினா பெத்தவளைத்தான் கேப்பாங்க. வராண்டா கொழாயடியில துணி சோப்பைப் போட்டு அவ தலையை நான் தேய்க்க, அவ "எம்மா, கண்ணு எரியுது, கண்ணு எரியுது"ன்னு கத்த, வரிசையில நின்ன அத்தனை பேரும் வேடிக்கை பாத்தாங்க. அப்புறம் ஒயரெல்லாம் ஒட்டி, இருட்டு ரூம்ல படுக்க வெச்சு, கொஞ்ச நேரம் காகிதம் ஓட்டினாங்க. அந்தக் கொஞ்ச நேரத்துல எதுவும் வரல. நாம படுக்க வெச்ச நேரம் பாத்து வலிப்பு வருமா இன்னா?

பெரிய டாக்டர் காகிதத்தைப் புரட்டினாரு. "நார்மல். மூளையில ஒண்ணும் இல்ல. பசங்க சில பேரு படிப்புக்குப் பயந்து இப்படிப் பண்ணுவாங்க"ன்னாரு. ரேவதி என் பக்கத்துலயே நிக்கிறா. அவளுக்குக் காது இல்லையா?

"சார், நடிச்சா நாக்கைக் கடிச்சுக்கினு ரத்தம் வருமா? பாவாடையிலயே ஒண்ணுக்குப் போவாளா? ஒம்பது வயசு சார்!"

"அடுத்தவங்களைக் கூப்பிடு"ன்னு நர்ஸைப் பாத்து சொன்னாரு. அவ்ளோதான்.

வெளிய வந்து அழுதேன். அழுகைன்னா துக்க அழுகை இல்ல, பல்லைக் கடிச்சுக்கினு வர்ற அழுகை. ஊட்டுக்காரர் பாவம், இன்னா பண்றதுன்னு தெரியாம ஓடிப்போய் புள்ளைக்குப் பட்டர் பன் வாங்கியாந்தாரு. அப்பதான் அங்க சின்ன டாக்டர் மல்லிகா எங்க பின்னாடியே வந்தாங்க. மேல்படிப்பு படிச்சுக்கினே அங்க வேலை பாக்குறவங்க. அவங்க சொன்னாங்க: "அம்மா, அந்தக் காகிதத்துல இல்லைன்னா வலிப்பே இல்லைன்னு அர்த்தம் இல்ல. அந்த நேரத்துல வரலைன்னுதான் அர்த்தம். ஒரு நாள் பூரா தலையிலயே மாட்டிக்கிட்டு ஊட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போற மாதிரி ஒரு மெஷின் வந்துருக்கு. இன்ஜினியர்ங்க புதுசா செஞ்சது. குழந்தைங்களுக்கு மாட்டி சோதனை பண்றாங்க. ரேவதி பேரைச் சேக்கட்டுமா?"

சோதனைன்னா யாருக்குச் சோதனை, மெஷினுக்கா, புள்ளைக்கான்னு அப்ப எனக்குக் கேக்கத் தோணல. சரின்னேன். நடிப்பா நெசமான்னு தெரிஞ்சாதான் பள்ளிக்கூடம். தெரிஞ்சாதான் சரியான மாத்திரை. அதுவரைக்கும் தெருமுனை டாக்டர் குடுத்த மாத்திரையைத் தின்னு புள்ள நாள் முழுக்கத் தூங்கி வழிஞ்சுது.

பொட்டி, பாட்டு கேக்குற வாக்மேன் மாதிரி இருந்துச்சு, கொஞ்சம் குண்டா. உள்ள ஒரு கேசட்டு. தலையில இருந்து வர்ற ஒயரெல்லாம் ஒரு கத்தையா கழுத்து வழியா எறங்கி அந்தப் பொட்டியில சொருகும். இந்தத் தடவை எண்ணெய் இல்லாமத்தான் போனேன். நெயில் பாலிஷ் நாத்தம் அடிக்கிற ஒரு பசையை வெச்சு, காத்தடிச்சுக் காய வெச்சு ஒட்டினாங்க. பொட்டிக்கு மேல செவப்பா ஒரு பொத்தான். புள்ளைக்கு எது வந்தாலும் உடனே அதை அமுக்கணும், அப்பதான் கேசட்டுல அந்த எடத்துல அடையாளம் விழும். இன்ஜினியர் ஒருத்தர் ரொம்ப நேரம் பாடம் எடுத்தாரு. பொட்டி நனையக் கூடாது. வெயில்ல காயக் கூடாது. கீழ விழக் கூடாது. ஒயரை இழுக்கக் கூடாது.

"புள்ள விழுந்துட்டா இன்னா சார் பண்றது?"ன்னேன்.

"பொட்டி அடிபடாம பாத்துக்கங்க"ன்னாரு. சத்தியமா, அதான் சொன்னாரு.

"ரோட்டுல யாராச்சும் கேட்டா காட்டுறதுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க"ன்னு கேட்டேன். அதெல்லாம் வேண்டியதில்ல, யாரு கேக்கப் போறான்னு அனுப்பிட்டாங்க.

ஊட்டுக்கு வந்ததும் தெருவே கூடிடுச்சு. "தலையில இன்னா ஒயரு? ஷாக் குடுக்கிறாங்களா?"ன்னு ஒருத்தி. "பொம்பளைப் புள்ளை, நாளைக்கு நாலு எடத்துக்குத் தெரிஞ்சா?"ன்னு இன்னொருத்தி. ரேவதி ஊட்டுக்குள்ள ஓடி மூலையில உக்காந்துக்கினா. "நான் பள்ளிக்கூடம் போவல. எல்லாம் சிரிக்கும்"னு ஒரே அடம்.

என் நாத்தனார் சரோஜாவுக்குத் தையல்தான் பொழப்பு, ரெண்டு ஊடு தள்ளி இருக்கா. அவ வந்து பாத்துட்டு, ஒண்ணும் பேசாம போய், சாயந்திரம் ஒரு உள்சட்டையோட வந்தா. அவ அண்ணன் பட்டறையில போட்டுக்கிற காக்கித் துணியில மிச்சம் இருந்ததை வெட்டி, கையில்லாம, முன்னாடி பொட்டி சரியா உக்கார்ற மாதிரி பை வெச்சு, ஒயர் போறதுக்கு ஓரமா ஓட்டை விட்டு, இடுப்புல இறுக்கிக் கட்ட நாடா வெச்சுத் தைச்சிருந்தா. "இத உள்ள போட்டுக்கினு மேல யூனிபாரம் போட்டா ஒருத்தனுக்கும் தெரியாதுடி கண்ணு. தலைக்கு ஸ்கார்ப் கட்டிக்கோ, சளின்னு சொல்லிக்கலாம்"னா. ரேவதி போட்டுப் பாத்துட்டு சிரிச்சா. ரொம்ப நாளா அவ சிரிச்சு நான் பாக்கல. "அண்ணி, நாளைக்கே அனுப்பு"ன்னு சொல்லிட்டு, கூலியும் வேணாம் காப்பியும் வேணாம்னு போயிட்டா சரோஜா. அந்த மாதிரி ஒரு மனுஷி.

அன்னிக்கு சாயந்திரம், பள்ளிக்கூடம் போகாத நாளுக்கு விட்டுப்போன வீட்டுப்பாடம் எழுதுறப்போ ஒரு தரம் முழிச்சா, சாப்பிடறப்போ ஒரு தரம். ரெண்டு தரமும் உள்சட்டைக்குள்ள கையை விட்டுப் பொத்தானை அமுக்கினேன். பள்ளிக்கூடத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தே போன் பண்ணி, ஒரு நாள் மட்டும் உக்கார விடுங்கன்னு மல்லிகா டாக்டர் சொல்லி வெச்சிருந்தாங்க. காலையில நானே கூட்டிக்கினு பஸ் ஏறினேன்.

அந்த வருஷம் நம்ம பக்கம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம பக்கத்துக் கூட்டத்துல தலைவரைக் கொன்னவ இடுப்புல பெல்ட்டு, பெல்ட்டுல ஒயரு, சட்டைக்குள்ள வெடின்னு பேப்பர்ல படம் படமா போட்டு ஜனங்களோட ஈரக்கொலையை நடுங்க வெச்சிருந்த நேரம். பூந்தமல்லி ரோட்டுல செக்கிங், ஆவடியில செக்கிங், ரயில் ஏறினா பையைத் தொற. டிபன் பாக்ஸைக் கூட ஆட்டிப் பாப்பாங்க. எனக்கும் ஊட்டுக்காரருக்கும் சரோஜாவுக்கும், அது ஆஸ்பத்திரிப் பொட்டி, புள்ளைய மத்த புள்ளைங்க கேலி பண்ணக் கூடாது, அவ்ளோதான் மனசுல. சரோஜா தைச்சுக் குடுத்தது வெளிய இருந்து பாக்கிறவனுக்கு எப்படி இருக்கும்னு ஒருத்தருக்கும் தோணல. எல்லாம் மெத்தப் படிச்ச அந்த ஆஸ்பத்திரிக்குத் தோணியிருக்கணும்.

பஸ்ல ஜன்னலோரம் ரேவதி, பக்கத்துல நான். ஆவடி நெருங்கறப்போ பாத்தேன், கண்ணு நெலைகுத்தி நிக்குது. வாய் மெல்லுது. கை யூனிபாரம் பொத்தானைத் திருகித் திருகிக் கழட்டுது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம்: உடனே பொட்டியோட செவப்புப் பொத்தானை அமுக்கணும். சட்டைக்குள்ள கையை விட்டேன். மேல் பொத்தான் தொறந்து, காக்கி உள்சட்டையும், பையும், ஒயர்க் கத்தையும் பளிச்சுன்னு தெரிஞ்சுது.

கம்பியைப் பிடிச்சுக்கினு எங்க சீட்டை ஒட்டி நின்ன ஆளு ஒரு கத்து கத்தினான் பாருங்க. "ஒயரு! ஒயரு! பெல்ட் கட்டிக்கினு கீதுடா! ஐயோ, பட்டனை அமுக்குறா!"

அமுக்கிட்டேன்.

டிரைவர் பிரேக் போட்ட போடுல எல்லாரும் முன்னாடி போய் விழுந்தாங்க. அப்புறம் கதவு வழியா, ஜன்னல் வழியா, ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறிக் குதிச்சாங்க. மொத ஆளா குதிச்சவர் கண்டக்டர். பையோட. "ஆஸ்பத்திரி மெஷின்! புள்ளைக்கு வலிப்பு!"ன்னு நான் தொண்டை கிழியக் கத்துறேன், எவன் காதுல விழுது? ரோட்டுக்கு அந்தாண்ட பள்ளத்துல போய்ப் படுத்துக்கினு எட்டிப் பாக்குறாங்க.

செக்கிங்ல நின்ன கான்ஸ்டபிள் லத்தியைத் தூக்கிக்கினு ஓடியாந்து பஸ்ஸுக்கு வெளிய நின்னாரு. "கையத் தூக்கு! ரெண்டு பேரும்!"

"ஐயா, இது மூளையை அளக்கிற மெஷின். புள்ளைக்கு இப்ப வலிப்பு வந்துருக்கு."

"எங்க இழுக்குது? நல்லாத்தானே உக்காந்துகினு கீது? ஏ பாப்பா, உள்ள இன்னா வெச்சுகினு கீற? சொல்லு!"

ரேவதி எங்கயோ பாத்துக்கினு பொத்தானைத் திருகிக்கினே இருந்தா.

"பாரு, கேட்டா பதில் சொல்லுதா பாரு! கல்லு மாதிரி கீது பாரு!"

கிளாஸ் ரூம்ல நான் இருந்ததில்ல. ஆனா கிளாஸ் ரூம்ல இன்னா நடந்துச்சுன்னு அப்ப என் கண்ணால பாத்தேன். கான்ஸ்டபிள் ஏறி வந்தாரு. ஒயர்க் கத்தையை ஒரே புடியாப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்தாரு. பசை போட்டு ஒட்டினது. முடியோட, தோலோட வந்துச்சு. ஸ்கார்ப் அவுந்து விழுந்து காதோரம் ரத்தம். அடுத்த நிமிஷம் பெரிய வலிப்பு வந்துடுச்சு.

சீட்டுக்கு நடுவுல கீழ படுக்க வெச்சு, ஒருக்களிச்சுத் திருப்பி, தலைக்கு என் முந்தானையைச் சுருட்டி வெச்சேன். வேற ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னு மல்லிகா டாக்டர் சொல்லியிருந்தாங்க: கையைக் காலைப் பிடிக்காத, வாயில எதையும் வெக்காத, தண்ணி ஊத்தாத. இரும்பு வேணாம். எந்த வலிப்புக்கும் சாவிக்கொத்தோட ஓடி வர்ற நம்ம ஜனம், அன்னிக்கு ஒருத்தர் கூடக் கிட்ட வரல. அடங்குறதுக்குள்ள எனக்கு உசுரு போயிடுச்சு. அடங்கினப்புறம் பூக்கூடையோட ஒரு அம்மா மட்டும் ஏறி வந்து, புள்ள மூஞ்சியைத் தொடச்சு விட்டு, கான்ஸ்டபிளைப் பாத்து, "நீயெல்லாம் புள்ள பெத்தவனா?"ன்னு கேட்டாங்க. அவரு தலையைக் குனிஞ்சுக்கினாரு.

ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்க. இன்ஸ்பெக்டர் நல்லவரு, டீ வாங்கிக் குடுத்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போன் மேல போன் போட்டாரு. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காரு, மீட்டிங்ல இருக்காரு. மத்தியானம் கழிச்சு ஒருவழியா கெடைச்சாரு. பேசிட்டு வெச்ச இன்ஸ்பெக்டர் என் மூஞ்சியைப் பாக்காமலே சொன்னாரு, "அவங்க மெஷின்தானாம்மா. போகலாம். மெஷின் உடையாம இருக்கான்னு கேக்கச் சொன்னாரு."

அதுக்குள்ள ஊட்டுக்காரர் வந்துட்டாரு, கையில கிரீஸோட. ரேவதியைத் தோள் மேல போட்டுக்கினாரு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்க இன்ஜினியர் ஒயரை எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, "எல்லாம் அறுந்து போச்சு சார்"ன்னாரு, அவர் குழந்தை செத்த மாதிரி. பெரிய டாக்டர் எங்களைப் பாத்து, "ஒரு பொருளைக் குடுத்தா ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா? யாரு உங்களை சட்டைக்குள்ள மறைக்கச் சொன்னது? இந்தக் கேஸ் வேஸ்ட். எடுத்துடுங்க. பொட்டியை வெச்சுட்டுப் போங்க"ன்னாரு.

ரேவதி தலையில ரத்தம் காஞ்சு முடியோட ஒட்டியிருக்கு. ஒருத்தர் பாக்கல.

நான் பொட்டியை மடியில வெச்சுக்கினு அந்த ரூம் வாசல்லயே சப்பணம் போட்டு உக்காந்தேன். "கேசட்டைப் போட்டுப் பாருங்க. பாத்தாத்தான் பொட்டி."

"ஒயர் அறுந்தது போட்டு இன்னா பிரயோஜனம்?"

"அறுக்கிற வரைக்கும் ஓடிச்சு இல்ல? நேத்து ரெண்டு தரம் அமுக்கினேன், இன்னிக்கு ஒரு தரம். அதைப் பாருங்க."

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க சார். காலையில இருந்து அவங்ககூடத்தானே இருந்தேன், டீ எல்லாம் நல்லாத்தான் குடுக்குறாங்க."

வராண்டாவுல இருந்த கூட்டம் பூரா எட்டிப் பாக்குது. யாரோ ஒரு ஆளு, "கரெக்ட்டாத்தான் கேக்குறாங்க, பாத்து சொன்னா இன்னாவாம்?"ன்னு குரல் விட்டாரு. பெரிய டாக்டர் மூஞ்சி செவந்து உள்ள போயிட்டாரு. மல்லிகா டாக்டர் என் பக்கத்துல தரையில குந்தி, "குடுங்கம்மா, நானே போடுறேன். நீங்களும் வாங்க"ன்னாங்க. மொதல்ல ரேவதி தலையைக் கழுவி மருந்து போட்டாங்க. அப்புறம்தான் கேசட்டு.

கேசட்டை வேகமா ஓட்டி, திரையில கோடுகளாக் காட்டுற பெரிய மெஷின் ஒண்ணு. கோடெல்லாம் சாதுவாப் போய்க்கினே இருந்துச்சு. நான் பொத்தான் அமுக்கின எடம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பக்கத்துக் கோடு மட்டும் துடிக்க ஆரம்பிச்சு, எகிறி எகிறிக் குதிச்சுது. வீட்டுப்பாடம். சாப்பாடு. பஸ்ஸு. நான் பொத்தானே அமுக்காத எடத்துலயும் குட்டி குட்டியா நெறைய. பஸ்ல துடிச்சுக்கினு இருக்கிறப்பவே எல்லாக் கோடும் சட்டுனு நின்னு போச்சு. ஒயரைப் பிடுங்கின எடம்.

மல்லிகா டாக்டர் ரேவதியைப் பாத்துத்தான் சொன்னாங்க, என்னைப் பாத்து இல்ல. "காது மேல, இந்தப் பக்கத்துல இருந்து கெளம்புது கண்ணு. அந்த நேரத்துல கண்ணு தொறந்திருக்கும், ஆனா யார் பேசுறதும் உனக்குள்ள போகாது. இதை யாராலயும் நடிக்க முடியாது. நானே நெனச்சாலும் முடியாது."

ரேவதி திரையைப் பாத்துக்கினே, "அப்ப நான் பொய் சொல்லல இல்ல?"ன்னு கேட்டா. ஊட்டுக்காரர் திரும்பிச் செவுத்தைப் பாத்துக்கினாரு.

விஷயம் கேள்விப்பட்டு பெரிய டாக்டர் வந்தாரு. திரையைப் பாத்ததும் மனுஷனுக்கு சந்தோஷம் தாங்கல. "ஓடுற பஸ்ல கூட இவ்ளோ சுத்தமா பதிவாயிருக்கே! பிரமாதம்!"னு இன்ஜினியர் முதுகுல தட்டிக் குடுத்தாரு. இன்னொரு தரம் மாட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போக முடியுமான்னு கேட்டாரு.

எங்க ஊட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷன். அன்னிக்குப் பேசினாரு. "சார், உங்க மெஷின் பாஸாயிடுச்சு. எம்பொண்ணு எப்டி கீதுன்னு காலைலேந்து ஒரு தரம் கேட்டீங்களா?"

மெஷின் மேல எனக்குக் கோவம் இல்ல, அது இல்லாட்டி என் பொண்ணு இன்னிக்கும் நடிகைதான். ஆனா அதை மாட்டுற தலைக்குள்ள ஒரு புள்ள இருக்குன்னு மறந்துட்டாங்களே, அதுதான் இன்னிக்கும் ஆற மாட்டேங்குது. அப்புறம் மத்த புள்ளைங்களை அனுப்பறப்போ, இது ஆஸ்பத்திரி மெஷின்னு தமிழ்ல பெரிசா எழுதின அட்டையைக் கழுத்துல மாட்டி அனுப்பினாங்களாம். நான் கத்தின கத்துல வந்த அட்டை அது.

வேற மாத்திரை எழுதினாங்க. ஆரம்பத்துல அவளுக்குத் தலை சுத்துச்சு, அதனால அளவைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டினாங்க. என் தோடு அடகுக் கடைக்குப் போச்சு, அதை விடுங்க. முழிக்கிறது கொறைஞ்சுது. பெரிய வலிப்பு நின்னுச்சு. தலையில காயம் ஆறி முடி முளைச்சுது. அப்புறம்தான் டாக்டர் எழுதிக் குடுத்ததை எடுத்துக்கினு, எண்ணெய் வெச்சு, ரெட்டைப் பின்னல் போட்டு, பள்ளிக்கூடம் போனோம்.

ஹெட்மிஸ்ட்ரஸ் படிச்சாங்க. "அப்போ நெஜமாவே வலிப்பா?"

"ஆமாங்க. நடிப்பு இல்ல."

"நடிப்புன்னா கண்டிச்சுத் திருத்தியிருக்கலாம்மா. வியாதின்னா நாங்க எப்படிப் பொறுப்பெடுத்துக்க முடியும்? மத்த பேரண்ட்ஸ் கேப்பாங்க. டி.சி. ரெடி பண்ணச் சொல்றேன்."

எப்படி இருக்கு நியாயம்? நடிக்கிறான்னு அடி. நெசம்னு தெரிஞ்சா வெளிய போ. நான் போட்ட சத்தத்துல கிளார்க்கு, ஆயா எல்லாம் ஓடியாந்துட்டாங்க. எதுவும் நடக்கல. டி.சி. கைக்கு வந்துடுச்சு. அப்பதான் ரேவதி வாயைத் தொறந்தா. "மிஸ், நான் கிளாஸுக்குப் போய் ஒண்ணு சொல்லிட்டு வரட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம். கெளம்புங்க."

நான் அவ கையைப் பிடிச்சேன். ஹெட்மிஸ்ட்ரஸ் பின்னாடியே கத்திக்கினு வர, வராண்டாவுல நடந்து நேரா அவ கிளாஸுக்குப் போனோம். போர்டுல கணக்குப் போட்டுக்கினு இருந்த டீச்சர் திரும்பினாங்க, கையில ஸ்கேலு. புள்ளைங்க எல்லாம் எழுந்து நின்னுச்சுங்க. எனக்குச் சொல்றதுக்கு வண்டி வண்டியா இருந்துச்சு. நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள ரேவதி என் கையை உருவிக்கினா.

ரேவதிதான் பேசினா. அவ உக்கார்ற பெஞ்சுக்குப் பக்கத்துல போய் நின்னு, கையைக் கட்டிக்கினு, டீச்சரைப் பாத்து: "மிஸ், நீங்க கேள்வி கேட்டப்போ எனக்குக் கேக்கல மிஸ். அதான் பதில் சொல்லல. டாக்டர் மெஷின்ல பாத்தாங்க."

அந்தப் பள்ளிக்கூடத்துல அவ சொன்ன கடைசி பதில் அது. அதுக்கு மட்டும் அடி விழல.